மருமகள் சொன்ன சோக்கு

9

ராணியம்மாள் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் போன வாரம் மாரண்டஹள்ளியில் அந்த வீடே ரெண்டுபட்டது.

மாமனார் மாதப்பன் தக்காளி மண்டிக்காரர். மூன்று வருஷம் காத்திருந்து வாங்கிய வெள்ளை மாருதி கார், வந்த நாளிலிருந்து கரும்புகை கக்குகிறது. பெட்ரோலைக் குடம் குடமாய்க் குடிக்கிறது. நினைத்த இடத்தில் நின்று போகிறது. வாசலில் நின்று புகையைப் பார்த்ததுமே ராணிக்குக் காரணம் தெரிந்துவிட்டது. தருமபுரியில் லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் கோவிந்தனின் மகளல்லவா அவள்! மாமனாரிடம் நேராகப் பேசுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. அதனால் நாலு மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டு, புருஷனிடம் சொன்னாள்.

"சோக் வெளியவே நிக்குதாட்டம் இருக்குதுங்க. அதை உள்ள தள்ளினாப் போதும், எல்லாம் சரியாயிடும்னு மாமாகிட்ட சொல்லுங்க."

சோக்குக் குமிழே இல்லாத டிராக்டரிலும் டீசல் ஜீப்பிலும் ஓட்டப் பழகிய சென்றாயனுக்குச் சோக் என்றால் என்னவென்று எப்படித் தெரியும்? அவன் போய் அப்பாவிடம் ஒப்பித்தான்.

"சோக்கைக் கொறைச்சா எல்லாம் சரியாயிடும்னு ராணி சொல்லுதுங்கப்பா."

காருக்கென்றே தைத்த சஃபாரி சூட்டும் கூலிங் கிளாஸுமாக நின்றுகொண்டிருந்த மாதப்பனுக்கு எப்படி இருந்திருக்கும்?

"என்னைச் சோக்குப் பேர்வழிங்கறாளா அவ?"

அவ்வளவுதான். விளக்கம் சொல்ல வந்தவளை மாமியார் பெரியம்மாள் பேசவே விடவில்லை. "இவ இந்த வூட்டுல கால் வெச்ச பத்தாம் நாளு கார் வந்துச்சு. அன்னிலேருந்து ஒரு நாளாச்சும் ஒழுங்கா ஓடியிருக்குதா? கார்ல கோளாறு இல்ல. எல்லாம் வந்த ராசி!"

வீட்டுக்குள்ளேயே விசாரணை நடந்து, வீட்டுக்குள்ளேயே தீர்ப்பும் ஆயிற்று. காரைத் தருமபுரி காண்ட்ராக்டர் ஒருவருக்கு விற்றுவிடுவது. அதே பயணத்தில் மருமகளையும் அவள் அப்பா வீட்டில் இறக்கிவிடுவது. ஊரில் யாராவது கேட்டால் ஆடிக்கு அனுப்பியிருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆடி பிறக்க இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தது.

புறப்படுகிற அன்று அதிகாலையிலேயே ராணி டிரங்குப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாள். புதுப் பெண்ணை ஆடிக்கு அழைக்க அப்பா வரவேண்டும். சீர் வைத்து, மாமனார் மாமியாரிடம் கேட்டு, கௌரவமாகக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அழைக்காமலே பெட்டியோடு கொண்டுபோய் விட்டால் அதற்குப் பெயர் ஆடி இல்லை. ஒர்க்‌ஷாப் வாசலில் நாலு லாரி டிரைவர்கள் பார்க்க, அப்பா அந்தப் பெட்டியை வாங்கி உள்ளே வைப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த முகத்தை நினைக்கும்போதே அவளுக்கு அவமானமாக இருந்தது.

அதை விட ஆத்திரமாகவும் வந்தது. எதற்காக இதெல்லாம்? ஒரு குமிழுக்காக! கட்டை விரலால் ஒரு தள்ளு தள்ளினால் தீர்ந்து போகிற விஷயத்துக்காக!

இந்த வீட்டில் எந்த மிஷினுக்கும் பூஜை உண்டு, மரியாதை கிடையாது. இது நாலு மாசத்தில் ராணி கண்டுபிடித்த உண்மை.

டிவியையே எடுத்துக்கொள்ளுங்கள். சூடு வெளியேறுவதற்காகப் பின்பக்கம் ஓட்டை ஓட்டையாக விட்டிருக்கிறான் செய்தவன். பெரியம்மாள் அதன்மேல் கெட்டியான பூப்போட்ட துணியைப் போர்த்தி, உச்சியில் ஒரு பிளாஸ்டிக் கிளியை உட்கார்த்தி வைத்திருந்தாள். படத்தில் ஒரே புள்ளி. செய்தி வாசிக்கிற அம்மாள் மழையில் நனைந்துகொண்டே வாசிக்கிற மாதிரி இருக்கும். ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது ராணி மாடிக்கு ஏறி ஆன்டெனாவை ஒரு சாண் திருப்பிவிட்டு வந்தாள். சாயங்காலம் படம் பளிச்சென்று வந்தது.

"நேத்து டிவிக்குக் கற்பூரம் காட்டினேன் இல்ல? அதான்," என்றாள் பெரியம்மாள்.

ரேடியோவும் டேப்பும் சேர்ந்த சென்றாயனுடைய டூ-இன்-ஒன் இன்னொரு கூத்து. பாடுகிறவர் ஆணா பெண்ணா என்றே தெரியாத அளவுக்கு அதன் ஹெட்டில் அழுக்கு. அவனோ சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைத்துக் கேட்பான். ராணி பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்து வைத்தாள். மறுநாள் பாட்டு கணீரென்று கேட்டது.

"பாத்தியா, புதுக் கேசட்டு! காசு போட்டு வாங்கினா எப்பிடிப் பாடுது பாரு!" என்றான் அவன்.

அவள் சமையலறைக்குள் போய்த் தலையில் அடித்துக்கொண்டாள்.

காரோடு வந்த புத்தகம் கூடச் சாமி அறையில்தான் இருக்கிறது. அட்டையில் சந்தனம், நடுவில் குங்குமம். தொட்டுக் கும்பிடலாம், பிரித்துப் படிக்கக் கூடாது.

எட்டு மணிக்குப் புறப்பட்டார்கள். சென்றாயன் ஸ்டீரிங்கில், பக்கத்தில் மாதப்பன், பின்னால் மாமியாரும் மருமகளும். நாலு மாசத்தில் ராணி அந்தக் காருக்குள் உட்காருவது இதுதான் முதல் தடவை. ராசி கெட்டவள் ஏறினால் வண்டி இன்னும் கெட்டுப்போகும் என்று தள்ளியே வைத்திருந்தார்கள். இன்றைக்கு விற்கப் போகிற வண்டிதானே, அதனால் பரவாயில்லையாம்.

சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. ஆனி மாத வெயிலில் முதுகு அதில் ஒட்டிக்கொண்டு பிடுங்கியது. அழுக்குச் சட்டைக்காரன் எவனும் உள்ளே உட்காரக்கூடாது என்பது மாதப்பன் போட்ட சட்டம். அதனால் வந்த மெக்கானிக்குகள் எல்லாம் முன்பக்க மூடியைத் திறந்து, கரி படிந்த பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஒருத்தனும் உள்ளே தலையை விட்டுப் பார்த்ததில்லை.

ராணி மெல்ல எட்டிப் பார்த்தாள்.

ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் டாஷ்போர்டின் அடியில் ஒரு மஞ்சப்பை தொங்கியது. சும்மா இல்லை, கர்ப்பிணி மாதிரி புடைத்துக்கொண்டு தொங்கியது. அது மாட்டியிருந்த கொக்கியைப் பார்த்ததும் அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

கொக்கியா அது? சோக்குக் குமிழ்! ஒரு விரல் நீளத்துக்கு முழுசாக வெளியே இழுக்கப்பட்டு, அதன் கழுத்தில் பையின் காது மாட்டியிருந்தது.

"இந்தப் பை எப்ப இருந்துங்கத்தே தொங்குது?" என்று கேட்டாள்.

"கார் வந்த அன்னிக்கே நான்தான் மாட்டினேன்," என்றாள் பெரியம்மாள் பெருமையாக. "திருநீறும் எலுமிச்சம்பழமும் வெச்சு மாட்டினேன். பை மாட்டறதுக்குன்னே கம்பெனிக்காரன் ஒண்ணு வெச்சிருக்கான் பாரு, கொஞ்சம் உள்ளாற இருந்துச்சு, இழுத்ததும் வந்துச்சு. அப்புறம் வண்டி நின்னப்பல்லாம் ஒவ்வொரு கோயிலுக்கும் காசு முடிஞ்சு போட்டிருக்கறேன். போன வாரம் ஒரு தேங்காய். அத்தனை சாமி இருந்தும் வண்டி நிக்குதுன்னா, அப்பறம் யாரு ராசி?"

வண்டி நின்றது, அதனால் பையில் பாரம் ஏறியது. பாரம் இழுத்துப் பிடித்ததால் குமிழ் தப்பித் தவறிக்கூட உள்ளே போகவில்லை. அதனால் வண்டி மறுபடி நின்றது. நாலு மாசமாக நடந்தது இதுதான். ராணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"ஏங்க," என்று முன்னால் குனிந்தாள். "அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்து..."

"பைப் பேச்சை எடுக்காத!" என்றாள் பெரியம்மாள். "உன் கை அதுமேல படக்கூடாது."

சோக்கு என்ற வார்த்தையை இனி எவரும் வாயில் எடுக்கக்கூடாது என்று மாதப்பன் உத்தரவு போட்டிருந்தார். வார்த்தையைச் சொல்லாமல் சாமானை எப்படிச் சொல்வது?

"அந்தக் குமிழுங்க. பை மாட்டியிருக்குதே, அந்தக் குமிழு. அதை உள்ள தள்ளிப் பாருங்க."

"கொமுளா?" என்றான் சென்றாயன், ஹாரனை அடித்துக்கொண்டே. "என்ன கொமுளு?"

"வண்டி ஓட்டறப்ப என்னடா பேச்சு?" என்றார் மாதப்பன், கூலிங் கிளாஸைக் கழற்றாமல். "ரோட்டைப் பாத்து ஓட்டு!"

அவன் ரோட்டைப் பார்த்தா ஓட்டினான்? மேலே இருக்கிற கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி தெரியவேண்டும். சென்றாயனுக்கு அதில் அவனுடைய கிராப்பு தெரிந்தது. இடது கால் கிளட்ச்சை விட்டு இறங்கவே இல்லை. எதிரில் மாட்டு வண்டி வந்தாலும் ஹாரன், புளிய மரம் வந்தாலும் ஹாரன். பள்ளத்துக்கு முன்னால் பிரேக் போடாமல், பள்ளத்தில் விழுந்த பிறகு போட்டான். 'எங்கப்பா மட்டும் பக்கத்துல உக்காந்திருந்தா, ஸ்பேனராலயே முட்டியில ஒண்ணு போட்டிருப்பாரு,' என்று நினைத்துக்கொண்டாள் ராணி.

பதினெட்டு வயசு முடிந்த மறுநாளே அவளை லைசென்ஸ் எடுக்க வைத்தவர் கோவிந்தன். ரெட்டைச் சடையோடு அவள் போட்டோ ஒட்டிய அந்த லைசென்ஸ் இப்போது டிக்கியில், டிரங்குப் பெட்டிக்குள், கல்யாணப் புடவைக்கு அடியில் கிடந்தது. அது இருப்பது சென்றாயனுக்குத் தெரியும். பொம்பளை லைசென்ஸ் என்று ஒருநாள் சிரித்தான்.

பாலக்கோட்டுக்கு முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது. சென்றாயன் எஞ்சினை அணைத்தான். அணைத்ததுமே ராணிக்குத் தெரிந்துவிட்டது, இனி இது கிளம்பாது என்று.

பாசஞ்சர் ரயில் ஆற அமரப் போயிற்று. கேட் திறந்தது. சாவியைத் திருகினான். கரகரவென்று சுற்றியதே தவிர எஞ்சின் எழவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்துத் திருகினான். வண்டிக்குள் பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது.

"மிதிக்காதீங்க! மிதிக்க மிதிக்க இன்னும் பெட்ரோல்தான் போய்க் கொட்டும்!"

"நீ சும்மா இரு புள்ள," என்றாள் பெரியம்மாள். "நீ ஏறினப்பவே நெனச்சேன்."

பின்னால் டவுன் பஸ். அதற்குப் பின்னால் தக்காளிப் பெட்டி ஏற்றிய டெம்போ. எல்லோரும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தார்கள். பஸ் கண்டக்டர் இறங்கி வந்து ஜன்னலில் தலையை நீட்டினார்.

"ஏனுங்க, புதுக் காரை ரோட்டுல பூட்டி வெச்சிருக்கீங்க? தள்ளுங்க. எங்க டிரைவர் வந்து உக்காரட்டுமா?"

டிரைவரின் காக்கிச் சட்டையில் விலாவரைக்கும் ஆயில். மாதப்பன் ஒரு தடவை பார்த்தார். "வேணாங்க, சீட்டு புதுசு," என்றார்.

பெண்களை இறக்கிவிட்டு, கண்டக்டரும் இன்னும் மூன்று பேருமாக வண்டியைத் தள்ளினார்கள். சஃபாரி சூட்டோடு மாதப்பனும் தள்ளினார். இரண்டு தடவை தண்டவாளத்தின் மேட்டில் ஏற்றினார்கள், இரண்டு தடவையும் வண்டி இருமிவிட்டுப் பின்னால் வந்தது. கூலிங் கிளாஸ் கீழே விழுந்து அவர் செருப்புக்கு அடியிலேயே நொறுங்கியது. பஸ்ஸின் ஜன்னல்களில் வரிசையாகத் தலைகள்.

"மண்டிக்காரரு கார்டா," என்று ஒரு குரல். "தக்காளி வண்டியே தேவலாம்."

சென்றாயன் கதவைத் திறந்துகொண்டு இறங்கி டயரை ஓர் உதை உதைத்தான். "வித்துத் தொலைங்கப்பா! என்னால முடியாது. பீடை புடிச்ச வண்டி!"

"வண்டிய ஏன்டா வையற?" என்றாள் பெரியம்மாள். "பீடை புடிச்சது வண்டியா?"

சொல்லிவிட்டு மருமகளைப் பார்த்தாள். கண்டக்டரும் பார்த்தார். பஸ்ஸில் இருந்தவர்களும் பார்த்தார்கள்.

ராணிக்கு முகம் எரிந்தது. நாலு மாசம் வீட்டுக்குள் கேட்டது போதாதென்று இப்போது ரோட்டிலுமா? போதும். இதற்குமேல் இவர்களிடம் யாரைக் கொண்டு எதைச் சொல்வது?

அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய், திறந்து கிடந்த கதவு வழியாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"ஏ புள்ள! எங்க உக்கார்ற? பையைத் தொடாத! ஐயோ, தொட்டுட்டாளே!"

தொட்டாள். காதைக் குமிழிலிருந்து விடுவித்து, பையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மடியில் வைத்துக்கொண்டாள். சாமி மேல் அவளுக்கு என்ன கோபம்? பிறகு கட்டை விரலால் குமிழைத் தள்ளினாள். டக்.

ஆக்ஸிலேட்டரை ஒரே மிதியாக அடி வரைக்கும் மிதித்து, காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு, சாவியைத் திருகினாள். சுற்றியது, சுற்றியது. ஒரு தடவை கமறியது. கடைசியாக ஒரு பெரிய கரும்புகை. அதற்கப்புறம் எஞ்சின் எழுந்துவிட்டது. காலை எடுத்தாள். தையல் மிஷின் ஓடுகிற மாதிரி ஒரே சீராக ஓடியது. பின்னால் புகை வெளுத்து, மெலிந்து, காணாமலே போயிற்று.

"அட!" என்றார் கண்டக்டர்.

ராணி முதல் கியரைப் போட்டு, தண்டவாளத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் புளிய மரத்தடியில் ஓரமாக நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். வேண்டுமென்றே அணைத்தாள். மறுபடி சாவியைத் திருகினாள். முதல் திருகலிலேயே எழுந்தது.

மூன்று பேரும் ஓடி வந்தார்கள். மாதப்பன் மூச்சு வாங்கக் காரின் பின்பக்கம் போய்ப் புகையைத் தேடினார். இல்லை. முன்னால் வந்து ஜன்னலில் குனிந்தார். வழக்கத்தையெல்லாம் மறந்து, நாலு மாசத்தில் முதல் தடவையாக மருமகளிடம் நேராகப் பேசினார்.

"என்னம்மா பண்ணின?"

ராணி குமிழைத் தொட்டுக் காட்டினாள்.

"இதுக்குப் பேருதான் மாமா சோக்கு. காலையில வண்டி எழுப்பறப்ப மட்டும் இழுக்கணும், அப்புறம் உள்ள தள்ளிடணும். நாலு மாசமா இதுல பையை மாட்டித் தொங்க விட்டிருக்கீங்க. நான் உங்களைச் சொல்லலீங்க. இதைத்தான் சொன்னேன்."

மாதப்பன் குமிழையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடியில்லாத அவர் முகம் என்னவோ பாவமாக இருந்தது. ஏதாவது சொல்வார் என்று ராணி காத்திருந்தாள். பெரிசாக ஒன்றும் வேண்டாம். தப்பாய்ப் போச்சும்மா என்று ஒரு வார்த்தை.

"பாத்தீங்களா!" என்று இடையில் புகுந்தாள் பெரியம்மாள். "போன வாரம் போட்ட தேங்காய் வேலை செஞ்சிருச்சு!"

ராணி கண்ணை மூடித் திறந்தாள். மடியிலிருந்த பையை எடுத்து மாமியார் கையில் கொடுத்தாள்.

மாதப்பனுக்குத் தெம்பு வந்துவிட்டது. பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். "சரி சரி, ஏறுங்க எல்லாரும். வூட்டுக்குப் போலாம். ராசியான வண்டிய எவனாச்சும் விப்பானா? காண்ட்ராக்டருக்கு ஆள் விட்டுச் சொல்லிக்கலாம். வண்டியத் திருப்பும்மா."

"அப்ப நானுங்க மாமா?"

"நீ என்ன? நீயும் வா. அதான் எல்லாம் சரியாப் போச்சே!"

கார் நன்றாகிவிட்டது, அதனால் அவளும் நன்றாகிவிட்டாள். நாளைக்கு டயர் பஞ்சரானால்? டிவி புகைந்தால்? மறுபடியும் பெட்டி, மறுபடியும் ராசி. காரைச் சரி பண்ணிவிட்டாள், சரி. இவர்களைச் சரி பண்ண எந்தக் குமிழைத் தள்ளுவது?

சென்றாயன் டிரைவர் கதவுக்குப் பக்கத்தில், இறங்கச் சொல்லவா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தான்.

"அந்தப் பக்கமா வந்து உக்காருங்க," என்றாள் ராணி.

சுற்றிக்கொண்டு வந்து இடது பக்கம் உட்கார்ந்தான். அவள் கண்ணாடியை அவன் கிராப்பிலிருந்து திருப்பி, பின்னால் ரோடு தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டாள். அதில் மாமனார் முகமும் தெரிந்தது. ஆனாலும் அவள் புருஷனிடம்தான் பேசினாள்.

"உங்கப்பாகிட்ட சொல்லுங்க. நான் வண்டியத் திருப்பல. பொட்டியோட என்னைக் கொண்டுபோய் விட்டாங்கன்னு எங்கப்பா நெனைக்கக்கூடாது. நானா வண்டி ஓட்டிக்கிட்டு வந்தேன்னு நெனைக்கணும். ஆடி முடிஞ்சு என்னைக் கூப்பிட வர்றவங்க, சோக்குன்னா என்ன, ராசின்னா என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு வரட்டும்."

சென்றாயன் பின்னால் திரும்பினான். இவன் வாயில் போனால் இது என்னவாக வெளியே வருமோ?

அவன் ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல், அவள் சொன்ன அத்தனையும் அப்பாவிடம் அப்படியே சொன்னான்.

பெரியம்மாள் பையோடு பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினாள். ராணி கியரைப் போட்டாள்.

தருமபுரி வந்து சேரும்வரை வண்டி ஓர் இடத்திலும் நிற்கவில்லை. ஒர்க்‌ஷாப் வாசலில் அவள் பிரேக் போட்டபோது, லாரிக்கு அடியில் படுத்திருந்த கோவிந்தன் சத்தத்தைக் கேட்டே வெளியே வந்தார். முதலில் சைலன்ஸரைப் பார்த்தார். அப்புறம் ஸ்டீரிங்கில் மகளைப் பார்த்தார். கரிக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாயெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"நீயா ஓட்டிக்கிட்டு வந்த? அடி சக்கை! சம்பந்தி, வாங்க, வாங்க!"

சம்பந்தி இறங்கவில்லை. தலை குனிந்து மஞ்சப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சென்றாயன் மட்டும் இறங்கினான். பின்னால் போய் டிக்கியைத் திறந்தான். மனைவியின் டிரங்குப் பெட்டியை எடுத்துக் கீழே வைத்தான். பிறகு மறுபடியும் கையை விட்டு, அதற்குப் பின்னால் துணி போட்டு மூடியிருந்த தன்னுடைய டூ-இன்-ஒன்னையும், மாற்றுத் துணி வைத்த ஒரு பையையும் வெளியே எடுத்தான்.

காலையில் இதையெல்லாம் யாருக்கும் தெரியாமல் அவன் எப்போது ஏற்றினான்?

கோவிந்தனின் சிரிப்பு நின்றது. பெட்டியைப் பார்த்தார், பையைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"ஆடிக்கு இன்னும் நாள் கிடக்குதே," என்றார் மெதுவாக. "யாரும்மா தங்கறதுக்கு வந்திருக்கறது?"

ராணி பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், மகனின் பையைப் பார்த்துப் பதறிப் பின் கதவைத் திறந்த பெரியம்மாளின் கையிலிருந்த மஞ்சப்பை நழுவி, தேங்காய் உருண்டு வாசலுக்கு வந்தது.